பெர்கனுக்கும் ஸ்ரீவராகத்துக்கும் நடுவே ஓர் இயக்குநர்

திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதத்து மத்தியான வெயிலில் கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நடக்கிற ஒருவரைக் கண்டால், பாவம் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துச் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் இரண்டு நாட்டு இயக்குநர்.

இந்த இனத்தை மற்ற இயக்குநர்களிடமிருந்து பிரித்துத் தெரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். சாதாரண இயக்குநர் ஒரு படம் எடுப்பார். அது ஓடும், அல்லது ஓடாது. இவர் படம் எடுத்துக்கொண்டே இருப்பார். போன ஓணத்துக்குக் கேட்டபோதும் எடிட்டிங்கில் இருந்தது, அதற்கு முந்தைய ஓணத்துக்கும் எடிட்டிங்கில்தான் இருந்தது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் முகத்தில் ஒரு வேதனை ஓடி, "படம் தன் வடிவத்தைத் தானே தேடிக்கொண்டிருக்கிறது" என்பார். தேடட்டும். நமக்கென்ன அவசரம்?

இன்னொரு அடையாளமும் உண்டு. இவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரில் இருக்கமாட்டார். இங்கே இருக்கும்போது பேச்செல்லாம் அங்கே. அங்கே போனதும் பேச்செல்லாம் இங்கே. திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் தெருவில் பிறந்து, நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தில் பாதி வருஷம் வசிக்கும் நம் சாம்பசிவனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஸ்ரீவராகத்து ஓடுகளைப் பெயர்த்தெடுக்கிற மாதிரி கொட்டும்போது அவன் ஜன்னலோரம் நின்று, "இது ஒரு மழையா? பெர்கன்ல பெய்யறதே, அதுக்குப் பேர் மழை" என்பான். அதே மனிதன் பெர்கனில் குடைக்குள் நின்றுகொண்டு, பக்கத்தில் நனைகிற நார்வேக்காரரிடம், மழையைப் பார்க்க வேண்டுமானால் கேரளத்துக்கு வரவேண்டும் என்று சொல்லி அவர் மனதைப் புண்படுத்துவான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், வண்டிகள் தாமாக நின்று வழிவிடும் என்று காத்திருப்பான். அங்கே எல்லாம் நிற்குமாம். இங்கே ஓர் ஆட்டோக்காரர் நின்றார். சவாரி வேண்டுமா என்று கேட்க.

சாம்பசிவன் பிறக்கும்போதே இப்படி இல்லை. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, ஒழுங்காக லோன் போட்டு, ஒழுங்காக நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, எல்லாரையும் போலத்தான் இருந்தான். மீன்பிடிக் கப்பல்களுக்கான ஏதோ ஒரு மென்பொருள் வேலைக்காகக் கம்பெனி அவனை பெர்கனுக்கு அனுப்பியது. மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற பிள்ளையை மீன் சந்தைக்கு எதிரே தங்கவைத்தார்கள். சாயங்காலங்களில் போக்கிடம் இல்லாமல் பக்கத்துத் தெருவில் நடந்த சினிமா வகுப்பில் போய் உட்கார்ந்தான். கப்பல் வேலை முடிந்தது, கம்பெனி திரும்பி வரச் சொன்னது, அவன் வரவில்லை. சினிமா பிடித்துக்கொண்டது. அங்கே அவனைச் சாம்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்கும் பிரேசில் நாட்டு நடனத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு பெண்மணி கேட்டபோது அவன் மறுக்காமல் புன்னகை செய்தான் என்பதிலிருந்தே, நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பக்கம் அவன் அம்மா அனந்தலக்ஷ்மி தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தலைமைச் செயலகத்தில் நிதித் துறையில் டெப்யூட்டி செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லமாட்டாள், ஆனால் ஒரு குறிப்பை எப்படி எழுதுவது என்று தெரிந்தவள்.

"சாம்பு என்ன பண்றான் மாமி?"

"லீவுல இருக்கான்."

"இத்தனை வருஷமாவா?"

"லாஸ் ஆஃப் பே" என்பாள் அனந்தலக்ஷ்மி. அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

அனந்தலக்ஷ்மியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவள் பேசுவாள். காலையில் காப்பி டிகாக்‌ஷன் இறங்குவதற்கு முன்னால் ஆரம்பித்தால், வீட்டில் மலையாளம், தெருவில் தமிழ், டெலிபோனில் இங்கிலீஷ் என்று மாறி மாறி, தொலைந்துபோன ஃபைல்கள், தொலைந்துபோகாத அமைச்சர்கள், பத்மநாபசுவாமி கோயில் வடக்கு நடையில் யார் யாரைப் பார்த்தும் பாராமல் போனார்கள் என்பது வரை மூச்சு விடாமல் பேசுவாள். அவள் கணவர் சேஷன், பாங்க் மேனேஜராக இருந்தவர், கல்யாணமான வருஷத்திலேயே பேச்சை விட்டுவிட்டுத் தலையாட்டலுக்கு வந்துவிட்டார். இந்த அம்மாவை, சாம்பசிவன் தன் முதல் முழுநீளப் படத்துக்கு நாயகியாகத் தேர்ந்தெடுத்தான். என்ன வேஷம் என்கிறீர்கள்? வாயே திறக்காமல் பாத்திரம் கழுவும் ஓர் ஏழை விதவை.

படத்தின் பெயர் 'கழுவாத பாத்திரம்'. பெர்கனில் உள்ள தயாரிப்பாளர் இங்குன் என்ற பெண்மணி கொஞ்சம், ஏதோ ஒரு கலை நிதியம் கொஞ்சம் என்று சேர்த்துக் கொடுத்ததில், ஒரு கேமராவும், ஒலிப்பதிவுக்கு நெய்யாற்றின்கரைப் பையன் பிரபினும் ஸ்ரீவராகத்து வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பாத்திரம் கழுவணுமா? மெஷின்ல போட்டா போறாதா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. ரிட்டயர் ஆன கையோடு பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கி வைத்த வீடு அது.

"மெஷின் ஃபிரேமுக்குள்ள வரப்படாதும்மா. அதோட, நெத்தியில குங்குமம் வேண்டாம்."

ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேஷன், வருஷக்கணக்கில் முதல் தடவையாகப் பேப்பரைத் தாழ்த்தினார். "எடா, நான் இங்கே ஜீவனோட உக்காந்துண்டிருக்கேன், கேட்டோ" என்றார்.

"அது கதாபாத்திரம் அப்பா. அந்தக் கதாபாத்திரத்தோட ஆத்துக்காரர்தான் இல்லை."

"கதாபாத்திரத்துக்கு நெத்தி உங்கம்மாவோடதுன்னா?"

அப்பா ஜெயித்தார். குங்குமத்தை அழிக்க முடியாது என்று ஆனபோது, வேறு வழியில்லாமல் சாம்பசிவன் கேமராவைப் பின்பக்கம் கொண்டுபோனான். படம் முழுக்க அனந்தலக்ஷ்மியின் முதுகுதான். பிற்பாடு ஐரோப்பாவில் ஒரு விமர்சகர், முகத்தைப் பார்வையாளருக்குத் தர மறுக்கிற இந்தத் துணிச்சலைப் பற்றி இரண்டு பத்தி எழுதினார். சாம்பசிவன் அதைத் திருத்தவில்லை. திருத்துவானா? நீங்களாக இருந்தால் திருத்துவீர்களா?

ஆனால் முதுகைக் காட்டச் சொல்லலாம்; அனந்தலக்ஷ்மியைப் பேசாமல் இருக்கச் சொல்ல முடியுமா? வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டே அவள் பேசினாள். புளி போட்டுத் தேய்த்தால் நகம் போகிறது என்பதில் ஆரம்பித்து, நிதித் துறையில் ஒரு ஃபைல் காணாமல் போனதும், மூன்று மாடியும் தேடி அது கடைசியில் மேலதிகாரியின் நாற்காலிக்கடியில் கால் ஆடாமலிருக்க வைத்திருந்தது தெரிந்ததும், அதை அவள் உருவியபோது மேலதிகாரி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் வரை சொன்னாள். நடுவில் பிரபினைப் பார்த்து, "மோனே, நீ ஊணு கழிச்சோ? சாப்பிடாம அந்தக் கம்பைப் பிடிச்சுண்டு எத்தனை நேரம் நிப்பே?" என்றாள். பிரபின் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில் கையிலிருந்த மைக் கம்பு ஆடியது.

"கட்! அம்மா, பேசாதே."

"நான் எங்கே பேசினேன்? பாத்திரத்துக்கிட்டேன்னா சொல்லிண்டிருந்தேன்."

அவ்வளவு பேச்சும் பதிவாயிற்று. பெர்கனுக்குப் போனதும் எடிட்டிங் மேஜையில் இங்குன், இந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று விசாரித்தாள். ஒரு ஃபைல் தொலைந்த கதை என்று சாம்பசிவன் மொழிபெயர்த்தான். இங்குன் நல்ல பெண், மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. அழகாக இருக்கிறது, ஆனால் இது நமக்குத் தேவைதானா என்று மட்டும் கேட்டாள். இந்த இனத்துக்கு அது போதும். அன்று சாயங்காலமே அம்மாவின் குரலை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தத்தைப் போட்டான். கீழ்த்திசையின் ஆழ்ந்த மௌனம் தயார்.

மௌனம் நன்றாகவே போயிற்று. ஐரோப்பாவில் சின்னச் சின்ன விழாக்களில், மலையடிவாரத்து ஊர்களில், நூலகத்து மாடிகளில் படம் காட்டப்பட்டது. காட்சி முடிந்ததும் சாம்பசிவன் முண்டு உடுத்தி, உள்ளே கம்பளி பேண்ட் போட்டு, மேடையேறி, "எங்கள் ஊர்ப் பெண்களின் மொழி மௌனம்" என்பான். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அங்கே இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

ஸ்ரீவராகத்துக்கு மட்டும் படம் வரவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம், சப்டைட்டில் வேலை பாக்கி இருக்கிறது என்றான். ஒரு வார்த்தை கூடப் பேசாத படத்துக்கு என்ன சப்டைட்டில் என்று கேட்க அவளுக்குத் தெரியாது. பேசிய வார்த்தைகளெல்லாம் படத்தில் இருப்பதாகவே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் போன டிசம்பரில் மாட்டிக்கொண்டான். ஊரில் நடக்கிற திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வாகிவிட்டது. அது சாமானிய விஷயம் இல்லை. அடுத்த படத்துக்குக் கைகொடுக்க வேண்டுமா என்று பார்க்க இங்குன் நேரில் வருகிறாள், இங்கே எடுபடவில்லை என்றால் பெர்கன் கதவு சாத்தப்படும், பிறகு கழக்கூட்டம்தான். அங்கே ஒரு மேனேஜரிடம் அம்மா ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லியும் வைத்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய சாம்பசிவனுக்கோ, அம்மா படம் பார்க்க வந்துவிடுவாளே என்ற கவலை.

"அம்மா, டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோச்சாம். அப்புறம் ஆத்திலேயே போட்டுக் காட்டறேன்" என்றான்.

"நீ கஷ்டப்படாதே. பென்ஷனர்ஸ் அசோசியேஷன்ல எல்லாருக்கும் நான் பாஸ் எடுத்தாச்சு" என்றாள் அனந்தலக்ஷ்மி.

வந்தார்கள். தம்பானூர்ப் பக்கத்துத் தியேட்டரில், தாடி வைத்த இளைஞர்களுக்கும் துணிப்பை மாட்டிய மாணவிகளுக்கும் நடுவே, செயலகத்தில் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டே அரசாங்கத்தை நடத்திய பெண்மணிகள் இரண்டு வரிசை பிடித்து உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக, பட்டுப் புடவையும் பிச்சிப்பூவுமாக அனந்தலக்ஷ்மி. பக்கத்தில் சேஷன். மறுபக்கம் அவளுடைய பழைய செக்‌ஷனில் இருந்த, சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பிரேமா.

படம் ஆரம்பித்தது. முதுகு. தண்ணீர் சொட்டு. முதுகு. ஒரு காக்கை. மறுபடி முதுகு.

"எடோ அனந்தம்" என்று பிரேமா காதோடு சொல்வதாக நினைத்து நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள், "இது நின்னோட முதுகு அல்லே?"

"ஆமாம். சித்தெ இரு, இப்போ ஃபைல் கதை வரும்."

வரவில்லை. திரையில் அவள் தலை அசைந்தது. கை வெண்கலப் பானையை விட்டுவிட்டு எதையோ விளக்கியது. அந்த இடத்தில்தான் மேலதிகாரி சாய்ந்தார் என்று அவளுக்கு ஞாபகம். தண்ணீர் சொட்டியது. அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், குரல் எங்காவது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. பிறகு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். படம் முடிகிற வரை அனந்தலக்ஷ்மி பேசவில்லை. சேஷன் பயந்துபோய் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

விளக்கு எரிந்தது. கைதட்டல். மேடையில் சாம்பசிவன், மஃப்ளரோடு. ஒரு மாணவர் எழுந்து, இந்த மௌனத்தின் அரசியல் என்ன என்று கேட்டார். எத்தனையோ ஊர்களில் சொல்லிப் பழகிய பதில் என்பதால் அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்: "எங்கள் ஊர்ப் பெண்களின் மொழி..."

"அந்த மைக்கை இங்கே தரச் சொல்லுங்கோ" என்றது ஒரு குரல்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"என் பேர் அனந்தலக்ஷ்மி" என்றாள் அவள், எழுந்து நின்று, மைக்கை அலுவலகத்து டெலிபோன் மாதிரி பிடித்துக்கொண்டு. "ஃபைனான்ஸ்ல டெப்யூட்டி செக்ரட்டரியா ரிட்டயர் ஆனேன். இந்தப் படத்துல பாத்திரம் கழுவறது நான்தான். என் முகம் வரலே, அதனால சொல்ல வேண்டியிருக்கு."

சிரிப்பு. கைதட்டல். அவள் கையை உயர்த்தி அடக்கினாள்.

"டைரக்டர்கிட்டே ரெண்டு சம்சயம். ஒண்ணு, படம் பூரா கழுவிண்டேதான் இருக்கேன். பின்னே எப்படி கழுவாத பாத்திரம் ஆகும்?"

அரங்கம் அதிர்ந்தது. சாம்பசிவனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எடுத்த நாளெல்லாம் நான் பேசிண்டேதானே இருந்தேன். என் பேச்செல்லாம் எங்கேடா?"

"அம்மா... மௌனம்ங்கறது ஒரு..."

"மௌனம் கிடக்கட்டும். என் பேச்சு எங்கே?"

இந்த இனத்திடம் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கும். அரசியல் கேட்டால் அழகியல் வரும், அழகியல் கேட்டால் நிதியம் வரும். அன்றைக்கு எதுவும் வரவில்லை. இங்குன் முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படம், பெர்கன், கழக்கூட்டம் எல்லாம் அவன் கண்ணெதிரே நின்றன. அவன் மஃப்ளரின் நுனியைப் பிடித்து முறுக்கினான்.

"எங்கிட்ட இருக்கும்மா" என்றான்.

"எங்கே?"

"ஃபோன்ல. அங்கே குளிர்காலத்துல மத்தியானமே இருட்டிடும். பேச ஆள் கிடையாது. சமைக்கறச்சே போட்டு வச்சுப்பேன். நீ பாட்டுக்குப் பேசிண்டே இருப்பே."

அரங்கத்தில் யாரும் அசையவில்லை. உண்மையான மௌனம் அதுதான், ஆனால் அதை அவன் படம் பிடிக்கவில்லை. அனந்தலக்ஷ்மி மைக்கைப் பிரேமாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடனே மறுபடி எழுந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அப்போ நல்லதெல்லாம் நீ கேட்டுண்டே. இவாளுக்கெல்லாம் என் முதுகு மாத்திரம், அல்லே?"

அதற்கு எழுந்த கைதட்டல் படத்துக்கு எழுந்ததைவிடப் பெரிது. பிரபின் பின்வரிசையில் நின்று விசில் அடித்தான். அது நாகரிகமா என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே டீக்கடையருகே இங்குன் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, இத்தனை வருஷமாக இதை ஏன் நீ என்னிடம் சொல்லவில்லை என்றாள். இது தேவைதானா என்று நீ கேட்டாயே என்றான் அவன். நான் கேள்விதானே கேட்டேன் என்றாள் அவள். இரண்டு நாட்டு இயக்குநர் நடு ரோட்டில் நின்று யோசித்தான். அது கேள்வி என்று அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். படத்தை ஸ்ரீவராகத்து முன்னறையில் உட்கார்ந்து திரும்பவும் வெட்டி ஒட்டினான். இந்த முறை அம்மா நாற்காலி போட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வார்த்தைக்கு வார்த்தை தன் குரல் வேண்டும் என்று சண்டை போட்டவளே, பிரேமாவின் பதவி உயர்வைப் பற்றிப் பேசிய பகுதி வந்ததும், "இது வேண்டாம், மௌனமா போட்டுடு" என்றாள். இயக்குநர் முடியாது என்றான். அந்த வீட்டில் அவன் முதன்முதலாகச் சொன்ன 'முடியாது' அது. பிரேமா இன்னும் இவர்களோடு சரியாகப் பேசுவதில்லை.

முன்பு கொண்டாடிய விழாக்கள் படத்தின் புதிய வடிவத்தைச் சீந்தவில்லை. அந்த விமர்சகர், மௌனத்தின் மேல் யாரோ வம்பு பேசிக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். ஆனால் பெர்கனில் ஒரு நூலகத்து மாடியில் காட்டியபோது, மேலதிகாரி நாற்காலியோடு சாய்ந்த இடத்தில் வயதான நார்வேக்காரிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம். திருவனந்தபுரத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி ஒரு வாரம் ஓடியது. பென்ஷனர்கள் தங்கள் மருமகள்களைக் கூட்டிவந்து, "பார், இப்படித்தான் இருந்தது எங்கள் ஆபீஸ்" என்று காட்டினார்கள். அடுத்த படத்துக்கு இங்குன் சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு: சம்பந்தப்பட்ட அம்மாள் இந்தத் தடவை முன்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். அனந்தலக்ஷ்மி கழக்கூட்டத்து மேனேஜருக்கு டெலிபோன் செய்து, லீவு நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தாள்.

சாம்பசிவன் திருந்திவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை. இப்போது பெர்கனில், எங்கள் ஊர்ப் பெண்களின் மொழி ஓயாத பேச்சு என்று அதே முகபாவத்தோடு மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது கொஞ்சம் உண்மையாக இருப்பதால் மன்னித்துவிடலாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். படமும் எடுப்பதில்லை, நார்வே எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது, நமக்கென்ன என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். சரி. உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் எடுங்கள். அதில் உங்கள் அம்மா அடுக்களை ஜன்னல் பக்கம் நிற்கிற ஒரு படம் இருக்குமே, வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி, வெளியூரில் இருக்கிற சிநேகிதர்களெல்லாம் பார்த்துப் பார்த்து இதயம் போட்டார்களே, அதேதான். அதை எடுக்கிறபோது அவள் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"ஒரு நிமிஷம் பேசாம அப்படியே நில்லும்மா" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.